தொண்ணூறு மில்லி

முடிவுக் கோட்டில் அவள் நெஞ்சு பட்ட நொடியிலிருந்து
அவள் நிழல் நான்.
சம்பளம் எழுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு தனி.
மாலை போட வந்தவர்களை விலக்கி
அட்டையைக் காட்டிச் சொன்னேன்:
பெனிற்றா, இனி என் கண்ணை விட்டு
நீ எங்கும் போகக் கூடாது.

நாகர்கோவில் மைதானத்தின் பின்னறை.
மூடி உடையாத தண்ணீர் பாட்டில்கள்,
நீல நாற்காலி இரண்டு,
தாழ்ப்பாள் போடக் கூடாத ஒரு கழிப்பறை.
சட்டை மார்பு வரை ஏறியிருக்க வேண்டும்,
கால்சட்டை முட்டி வரை இறங்கியிருக்க வேண்டும்,
நான் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.
வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பினால்
மாதிரி செல்லாது.

நானூறு மீட்டரில் பத்துத் தடை தாண்டியவளுக்கு
இது நடக்கவில்லை.
'வருதில்லக்கா.'
சத்தமாவது உதவட்டும் என்று குழாயைத் திறந்தேன்.
மாநகராட்சிக் குழாய்.
காற்றுதான் சீறியது.

அதனால் சொல்லத் தொடங்கினேன்.
திற்பரப்பில் பாறை மூடி விழுகிற வெள்ளம்.
பேச்சிப்பாறையில் மதகைத் தூக்கினால்
குழித்துறைச் சப்பாத்து காணாமல் போவது.
மாத்தூரில், ஆற்றுக்கு மேலே
தொட்டிப் பாலத்தில் நடந்துபோகிற கால்வாய்.
இடவப்பாதி மழை ரப்பர் மரத்தில் வழிந்து
சிரட்டைக்குள் விழுந்து
அன்றைய பாலைக் கெடுப்பது.
அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.
ஐந்தாவது பாட்டில் முடிகிற நேரம்
'எங்க வீட்டுக்குப் பின்னாலயும் ஒரு ஓடை உண்டுக்கா' என்றாள்.
கிண்ணம் நிறைந்தது.

தொண்ணூறு மில்லி போதும். நூற்றிருபது இருந்தது.
டாக்டர் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
'ரொம்ப நீர்த்திருக்கு. திரும்ப எடுக்கணும்.'
நான் சொன்ன வெள்ளம் கூடிப்போயிருந்தது.

மறுபடி நாற்காலி. இனிப் பாட்டில் கிடையாது.
'இப்ப வெள்ளமில்லாத ஊரைச் சொல்லுங்கக்கா.'
இந்த மாவட்டத்தில் அதற்கு எங்கே போவேன்?
ஆரல்வாய்மொழி வரைக்கும் போனேன்.
கணவாய்க்குள் முள்மரம், காற்றாலை,
உதட்டை வெடிக்க வைக்கிற ஆடிக் காற்று,
சூடான கல்லில் காய்ந்த ஆட்டுப் புழுக்கை...

அப்போது சொன்னாள், தரையைப் பார்த்து,
நான் கேட்காமலே:
'எனக்கு ஏழு மாசமா வரல்லக்கா.
சாருட்ட சொன்னேன்.
நல்லதுதானே பிள்ளே, மீட்டுக்கு இடைஞ்சல் இல்லைன்னார்.'
தாடையைத் தடவினாள்.
இடுக்கி பிடுங்கிய இடமெல்லாம் சிவந்த புள்ளிகள்.
'விட்டமின் ஊசின்னுதான் சொன்னார்.
குப்பியில குதிரை படம் போட்டிருந்தது.
நானும் ஓடுறவதானேன்னு விட்டுட்டேன்.'
சிரித்தாள்.
எனக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது,
அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி:
கடந்த ஏழு நாளில் எடுத்துக்கொண்ட மருந்துகள்.
'என்ன எழுதட்டும்?'
'கால்சியம்.'
கால்சியம் என்று எழுதினேன்.
அதற்குக் கீழே குறிப்புக்கு மூன்று வரி இடம்.
கண்டதும் கேட்டதும் எழுதத்தான்
அந்த மூன்று வரியும்.
பேனா நின்ற இடத்தில் மை ஊறி
ஒரு புள்ளி பெரிதானது.
அதன் பக்கத்தில் எழுதினேன்:
தாமதத்துக்குக் காரணம், தண்ணீர்.

இரண்டாம் முறை மஞ்சளாய், கெட்டியாய் வந்தது.
ஏ குப்பி, பி குப்பி.
அவளே ஊற்றி அவளே மூட வேண்டும், நான் தொடக் கூடாது.
திருகத் திருக மூடிக்குள் பல் கடகடத்தது.
சும்மா ஒருமுறை பின்னால் திருப்பிப் பார்த்தாள்.
வரவில்லை.

என் வேலை அந்த அறையோடு முடிந்தது.
இருந்தும் பஸ் ஸ்டாண்ட் வரை கூடப் போனேன்.
கடையாலுமூட்டுக்குக் கடைசி வண்டி.
பதக்கம் துண்டுக்குள் சுற்றிப் பைக்குள்.
உள்ளே ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
ஜன்னல் வழியே கத்தினாள்:
'வாறேன்க்கா!'

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர்
முகம் தூக்காமலே சொன்னார்:
'அண்ணே, உள்ள தள்ளி நில்லுங்க,
லேடீஸ் நிக்கிற இடம் இது.'